மெத்தையோடு வந்த அம்மாள்

அம்மாள் என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று முதலில் நான் முழுமனதோடு நம்பினேன். எங்கள் ஊர் அக்கராயனில் இத்தனை வீடுகள் இருக்கின்றன. விரதம் பிடிக்கிறவர்கள், தீ மிதிக்கிறவர்கள், காவடி எடுக்கிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கோயில் பக்கம் பொங்கல் இறக்குகிற நேரம் பார்த்து மட்டும் தலைகாட்டுகிற என்னிடம் அவள் ஏன் வரவேண்டும் என்று நான் ஒருகணமும் யோசிக்கவில்லை. முதுகிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்புகளைக் கண்டதும் புத்தி வாசல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டது. நான் மட்டும் வீட்டில் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் கொப்பளிப்பானை, அதுதான் அம்மை நோயை, வருத்தம் என்று சொல்ல மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வந்தவள் போகும்வரை படலையில் வேப்பிலை கட்டியிருக்கும். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, பொரியல் இல்லை, தாளிக்கிற மணம்கூட வரக்கூடாது. அயலவர் உள்ளே வரமாட்டார்கள். வருத்தக்காரன் அறையை விட்டு வெளியே வரக்கூடாது, முழுகக்கூடாது. முக்கியமாக, அந்த வீட்டார் ஒரு நல்ல காரியத்துக்கும் போகக்கூடாது.

நல்ல காரியம் ஒன்று வாசலில் வந்து நின்றது. தர்மபுரத்தில் இருக்கும் என் தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் தகப்பன், என் மச்சான், யுத்தத்தில் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து சைக்கிள் பழக்கியது வரை நான்தான் நின்றேன். சைக்கிள் பழக்கியதில் இரண்டு பேருக்கும் முழங்கால் போனது. கல்யாணம் நிச்சயமானதும் அவளே வந்து, "மாமா, என்னைத் தாரை வாத்துக் குடுக்கிறது நீங்களும் மாமியும்தான். வேறை ஒருத்தரும் வேண்டாம்" என்றாள். "பாப்பம், பாப்பம்" என்று பெரிய மனிசன் போலச் சொல்லிவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாட்டில் பின்வளவுக்குப் போய்த் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மனைவி கேட்டாள். வைக்கோல் தூசு என்றேன்.

மெத்தையும் அந்தக் கல்யாணத்துக்காகத்தான் வந்தது. லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரர் எங்கள் வீட்டில் தங்குவதாகப் பேச்சு. அவர்கள் பாயில் படுக்க மாட்டார்கள் என்று மனைவி சொன்னாள். வவுனியாவில் ஒரு லொட்ஜை மூடுகிறார்கள், சாமான்களை மலிவாய்த் தள்ளுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் போய், ஆனைக்குட்டி மாதிரி ஒரு தடித்த மெத்தையை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். வழிநெடுக சனம் பார்த்தது. நானும் பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக ஓட்டினேன்.

மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "உதிலை எத்தினை பேர் படுத்தெழும்பினவையோ. நல்லா வடிவாத் துப்புரவாக்கிப்போட்டுத்தான் உள்ளுக்கு எடுக்கவேணும்."

"அதை என்னட்டை விடும்."

என்னிடம் விட்டாள். நான் முற்றத்தில் போட்டு ஈர்க்கு விளக்குமாற்றால் நாலு அடி அடித்தேன். தூசு வந்தது. தூசு வந்தால் துப்புரவு நடக்கிறது என்றுதானே அர்த்தம். பிறகு குழந்தைப் பவுடரைத் தூவினேன். ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டினேன். மற்றப் பக்கத்தைத் திருப்பலாம் என்று தேத்தண்ணியோடு யோசித்துக்கொண்டிருக்க வானம் இருட்டியது. இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மழை பெய்யவில்லை. மற்றப் பக்கத்துக்கு வெயிலும் கிடைக்கவில்லை.

"விருந்தாளியள் வர முன்னம் ஆராவது படுத்துப் பாத்தால்தானே நல்லம்" என்று சொல்லி, அந்தப் பாரத்தை நானே தலையில் ஏற்றுக்கொண்டேன். மனைவிக்கு மெத்தை ஒத்துவராது. நடுமுதுகு பள்ளத்துக்குள் போகிற மாதிரி இருக்கும் என்று விறாந்தையில் பாயிலேயே படுத்தாள். பிறகு நடந்ததெல்லாம் அந்த ஏற்பாட்டால் வந்தது.

தடிப்புகளை அவளிடம் காட்டிய காலை நன்றாக நினைவிருக்கிறது. சேட்டைத் தூக்கி, "இஞ்சேரப்பா, ஒருக்கா முதுகைப் பாரும்" என்றேன். திரும்பிப் பார்த்தால் இரண்டடி பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து அவள் என் திசையில் கைகூப்பியதில்லை.

"என்னையோ கும்பிடுறீர்?"

"உங்களையில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள்ள போங்கோ. அம்மாள் வந்திருக்கிறா."

"காய்ச்சல் இல்லையே."

"உள்காய்ச்சல். உள்ளுக்குக் காயுது. வெளியிலை தெரியாது."

அவ்வளவுதான். உள்ளுக்குக் காய்கிறது என்ற சொல் காதில் விழுந்த கையோடு எனக்கு உள்ளுக்குக் காயத் தொடங்கியது. நாக்கு கசந்தது, உடம்பு குளிர்காய்ச்சல் மாதிரி நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமோ என்று ஈனக்குரலில் கேட்டேன். "அம்மாளுக்கு ஊசி போடுறேல்லை" என்றாள். மெத்தையின் மேல் வேப்பிலையைப் பரப்பி, என்னை அதன் மேல் படுக்கவைத்து, கதவைச் சாத்தினாள்.

அந்த அறைக்கு ஒரு கதவு, ஒரு யன்னல். யன்னலுக்குக் கம்பி போட்டதும் நான்தான், கள்ளன் வராமல் இருக்க. இப்போது அந்தக் கம்பிக்கு உள்பக்கத்தில் நான் நின்றேன். வெளியே வாய்க்கால், அதற்கப்பால் என் வயல். வயலுக்குள் மற்றவன் வீட்டு மாடு. "ஓய், ஓய்" என்று கத்தினேன். மாடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஆபத்தில்லாத ஆள் என்று கண்டுகொண்டு திரும்பவும் குனிந்தது.

அடுத்த வளவுக்காரன் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டான்.

"என்னடாப்பா, உனக்கு அம்மாளாம்?"

"ஓம்."

"வடிவாக் கேட்டனியே? வீடு மாறி வந்திருப்பா."

சிரிக்க வேண்டிய பகிடிதான். நான் யன்னலை விட்டுத் தள்ளிப் போனேன். பகல் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சாப்பாடு கதவிடுக்கால் வந்தது. கஞ்சி, இளநீர், திரும்பவும் கஞ்சி. போனில் கொப்பளிப்பான் பற்றித் தேடி வாசித்தேன். நடு வயதில் வந்தால் நெஞ்சுக்குள் இறங்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். உடனே மூச்சு முட்டியது. மூளைக்கும் போகலாம் என்றார் இன்னொருவர். அது மட்டும் எனக்கு நடக்கச் சந்தர்ப்பம் குறைவு என்று மனைவி கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொன்னாள். நான் போனால் மோட்டார்சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன். ஒருவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் பிழைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணை, உனக்குச் சின்னனிலை ஒருக்கா வந்ததெல்லோ? அம்மா சொல்லுறவா. ஒருக்கா வந்தால் பிறகு வராதெண்டு சொல்லுறவை."

"அது சாதாரண ஆக்களுக்கு" என்றேன்.

இப்போது நினைத்தால் அந்த ஒரு பதிலுக்காகவே என்னைக் கடித்தது சரி என்று தோன்றுகிறது.

பழைய தடிப்புகள் அடங்கியதும், அம்மாளை வழியனுப்ப முறைப்படி தண்ணீர் வார்த்தார்கள். வார்த்தார்கள் என்றால் மனைவி ஒருத்திதான். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் காயவைத்து, கிணற்றடியில் என்னை இருத்தித் தலையில் ஊற்றினாள். அறைக்குச் சாம்பிராணி போட்டாள். விரிப்பை அவித்துத் தோய்த்தாள். மெத்தையை மஞ்சள் தண்ணீர் நனைத்த துணியால் மேலாகத் துடைத்தாள். நான் புதுச் சாரம் கட்டிக்கொண்டு, வென்றுவந்தவன் போல அதே மெத்தையில் போய் விழுந்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் இடுப்பில் புதுத் தடிப்புகள். வரிசையாக, ஆரோ நூல் பிடித்து நட்ட மாதிரி.

"போனவ திரும்பி வந்திட்டா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மனைவியின் முகம் வெளிறியது. "ஏதோ குறை வைச்சிட்டம்" என்றாள். கல்யாணம் அந்தக் கிழமைக்குள். இனி அம்மாள் போவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். அறை அன்றைக்கு இன்னும் சின்னதாக இருந்தது. மெத்தையில் இருந்தால் கடித்தது. நின்றால் தலை சுற்றியது. யன்னலடிக்குப் போனால் மாடு.

நான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். பயந்தவனுக்குத் திடீரென்று ஒரு பெருந்தன்மை வருமே, அது வந்தது.

"பிள்ளை, என்னை நம்பியிராதை. தாரை வாக்கப் பெரியப்பாவைக் கேள்."

பெரியப்பா என்றது மச்சானின் தமையனை. வவுனியாவில் இருக்கிறார். தாரை வார்க்க ஆசைப்பட்டு அவர் முன்னமே ஒருமுறை கதை விட்டுப் பார்த்தவர். பிள்ளைதான் மறுத்தவள்.

"கல்யாண நாளைத் தள்ளிவைப்பமோ?" என்றாள் தங்கச்சி.

"மாப்பிள்ளைக்கு லீவு முடியுது. தள்ளாதை. அம்மாள் என்னை விடுறா இல்லை. நான் என்ன செய்யிறது?"

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியோ, அண்ணை?"

"ஓம்."

போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இந்த இடத்தில் பகிடி ஒன்றும் இல்லை.

அடுத்த முறை தண்ணீர் வார்க்கமுன் ஒரு குறையும் வைக்கக்கூடாது என்பதில் மனைவி உறுதியாக இருந்தாள். கல்யாண வீட்டில் சேலைகள் வாங்கி, உடுப்புக் கொடுத்து, வவுனியாவுக்குப் போய்வந்து என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம், அவள் மெத்தையில் கைவைத்தாள். என்னை மூலையில் ஒரு கதிரையில் இருத்தினாள்.

"மேலாலை துடைச்சாக் காணாது. உறையைக் கழட்டி அவிக்கவேணும்."

மெத்தையின் ஓரத்தில் சுற்றிவர ஒரு தடித்த தையல் ஓடுகிறது. அதற்குக் கீழேதான் உறையின் சிப். சிப்பைப் பிடித்து இழுத்தவள் பாதியில் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள்.

"இஞ்ச வாங்கோ."

"நான் அதுகளைத் தொடக்கூடாது, குற்றம்..."

"வாங்கோ எண்டுறன்."

தையல் மடிப்புக்குள் பேனை மை தெறித்த மாதிரிக் கறுத்தப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவில் மண்ணிறத்தில், தட்டையாக, எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். மனைவி ஒன்றை நகத்தால் நசித்தாள். நகம் சிவந்தது.

"இந்தா, உங்கட அம்மாள்" என்றாள்.

மூட்டைப்பூச்சி. அவள் நிலத்தில் இருந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ளுக்குக் காயுதெண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

"நடுங்கினது ஆர்?"

அதன் பிறகு அவள் எனக்கு மெத்தை துப்புரவாக்கப் பழக்கினாள். வேலை செய்தது நான். நெல் அவிக்கிற பெரிய பீப்பாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, உறையையும் தலையணை உறைகளையும் போட்டு நெல் அவிப்பது போலவே அவித்தேன். மெத்தையின் உள்ளே இருக்கும் ஸ்பொன்ஞ்சில் தண்ணீர் ஊற்ற விடவில்லை. ஊற்றினால் நடுப்பகுதி காயாமல் ஊத்தை மணம் பிடிக்கும் என்றாள். தையல் மடிப்பெல்லாம் பழைய பல் துலக்கும் பிரஷ்சால் உரசினேன். நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில் கறுத்தப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, ஒரு பக்கம் சுட்டதும் மறுபக்கம், பிறகு விளிம்பு விளிம்பாக நிமிர்த்திக் காயவைத்தேன். கட்டில் மூட்டுகளுக்குச் சுடுதண்ணீர். சட்டங்களின் ஓட்டைகளுக்கு மண்ணெண்ணெயை ஒரு கோழியிறகால் தடவினேன். வன்னி வெயிலில் நான் சந்தோசமாக வேர்த்தது அன்றைக்குத்தான். கதவுக்கு வெளியே நின்றேனே.

"இப்ப தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்னெண்டு சொல்லுறது?"

"மூட்டைப்பூச்சி எண்டு."

நான் கோழியிறகோடு அப்படியே நின்றேன். அம்மாள் வந்தவன் என்றால் சனம் மரியாதையாக விலகி நிற்கும். மூட்டைப்பூச்சிக்காரன் என்றாலும் விலகி நிற்கும், மரியாதை இருக்காது. சொல்லாமல் போனால் அம்மாளைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிவந்த பாவி என்று துரத்துவார்கள். போகாமல் இருந்தால், தங்கச்சியின் பிள்ளைக்குக் கல்யாணம், நான் இங்கே கட்டிலுக்கு மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு இருப்பேன். அறையை விட்டு வெளியே வந்ததாக நினைத்தது பிழை. அறை என்னோடு கூடவே முற்றத்துக்கு வந்திருந்தது.

"அலர்ஜி எண்டு சொல்லட்டே?"

"எடுங்கோவப்பா."

எடுத்தேன். சொன்னேன்.

"மூட்டையோ?" என்றாள் தங்கச்சி.

"ஓம்."

மறுமுனையில் வாயைப் பொத்துகிற சத்தம். பின்னால் பிள்ளையின் குரல்: "என்னவாமம்மா?" "மாமாவுக்கு மூட்டையாம்." பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இனி எல்லாம் சரி என்று நினைத்து. "அப்ப நாங்கள் முதல் பேசினமாதிரி..." என்று தொடங்கினேன்.

சிரிப்பு நின்றது.

"அண்ணை, நான் பெரியப்பாவிட்டைப் போய் வெத்திலை வைச்சுக் கேட்டிட்டன். ரெண்டு பேருக்கும் உடுப்பும் குடுத்தாச்சு. அவர் ஐயரோடையும் கதைச்சிட்டார். அந்தாள் கண்கலங்கிப் போச்சு. இனி வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லாதை."

"நீதானே சொன்னனீ."

"ஓம். நான்தான் சொன்னனான்."

"ரெண்டுபேரும் வருவியளோ?"

"வாறம், பிள்ளை."

"உந்த மெத்தையைக் கொண்டு வந்திடாதை" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நான் அந்த நேரம், கழுத்து மறையப் பொத்தான் பூட்டிய முழுக்கைச் சேட்டோடு, மண்டப வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றேன்.