ஒழுகும் பிரேக்கும் ஊரைவிட்டுப் போகிறவர்களும்

“இன்னா ஜெயா, ஊரே மூட்டை கட்டிக்கினு கெளம்புது, நீ ஓட்டை பிரேக்கைக் கட்டிக்கினு அழுவுற! ஆக்லாந்துலேந்து அண்ணன் கேட்டுக்கினே கீறாரு, வரோமா இல்லியா? வாயத் தொறந்து சொல்லேன்!”

என் வீட்டுக்காரரின் புகார், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அவர் வுனிமோனோ கிராமத்துக் கரும்புக் குடும்பம். முன்னோர் கப்பலில் கொண்டுவந்த தமிழை அப்படியே பேசுகிறார். நான் திருச்சி கான்வென்டில் படித்து, கல்யாணமாகி ஃபிஜிக்கு வந்தவள். போகலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல நேரமெங்கே? மலைச் சைக்கிளின் எண்ணெய் பிரேக் கைக்குழந்தை மாதிரி. ஒழுகும், எங்கே என்று சொல்லாது. ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததும் நம்மவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, நவுசோரி டவுன் மெக்கானிக்கும் கனடாவுக்குப் போய்விட்டான். இங்கே நகாசியில் அந்த பிரேக்கின் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். மாட்டிக்கொண்டேன். உங்களில் எத்தனை பேர் இப்படி மாட்டியிருக்கிறீர்களோ!

பவுடர் வைத்தியம்

மெயின் ரோட்டில் ராணுவம் தடுப்பு போட்டிருந்த சமயம். அங்கே நிற்கும் சிப்பாய் சேமி, சீருடையோடு எங்கள் கேட்டைத் திறந்தான். என்ன சோதனையோ என்று எழுந்தேன். பார்த்தால், பின்னால் சைக்கிள். முன் பிரேக் சொட்டுகிறது.

எல்லாவற்றையும் துடைத்து, குழாய் நெடுகிலும் முகப் பவுடரைத் தூவி, லீவரை அமுக்கச் சொன்னேன். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தோம். குழாய் மூட்டில் மெல்ல ஒரு கறுப்புப் புள்ளி விரிந்தது. வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன். இந்தப் பக்கத்து இந்தியில் எல்லாரும் என்னை ‘பௌஜி’, அதாவது அண்ணி, என்பார்கள். அவனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

“ரோட்டுல போற எல்லாரையும் நான் நிறுத்தறேன் பௌஜி, என்னை நிறுத்தத்தான் ஒண்ணுமே இல்ல.”

சுத்தமான டயர்

பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ராமசாமி, “சும்மா சர்வீஸ்தான்” என்று சைக்கிளைக் கொண்டுவந்தார். டயரின் ஒவ்வொரு பள்ளமும் பல் விளக்கிய மாதிரி பளிச்சென்று இருந்தது. ரிப்பேருக்குச் சைக்கிளைக் குளிப்பாட்டிக் கொண்டுவருகிறவர் உண்டா? ஆஸ்திரேலியா துளி மண்ணைக்கூட உள்ளே விடாது என்று எனக்குத் தெரியும்.

பெட்டியில் அடைக்கச் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார்கள். யாரோ லீவரைப் பலதரம் அமுக்கியிருக்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு நடுவே இல்லாததால் பிஸ்டன் வெளியே பிதுங்கி எண்ணெய் கொட்டிவிட்டது. கிளம்புகிற வீடுகளில் எல்லாம் இதே தப்பு. பிஸ்டனைச் சரிசெய்து, நடுவில் அட்டையைச் செருகிவிட்டு, “விசா எப்போ வந்துச்சு?” என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“மெதுவாப் பேசும்மா, என் தம்பிக்கே இன்னும் தெரியாது.”

எண்ணெய் மாறாட்டம்

தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், கார் பிரேக் எண்ணெயைச் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டார். அது மினரல் ஆயில் கேட்கும் பிரேக். உள்ளே ரப்பரெல்லாம் ஊறிப்போன அப்பளம். எனக்குப் பொறுக்கவில்லை. “ரத்தம் ஏத்தும்போது குரூப் பார்ப்பீங்களா டாக்டர்?” என்றேன்.

“மனுஷங்களுக்குன்னா பார்ப்பேம்மா.”

எங்கள் வீட்டுச் சைக்கிள்

ஒழுகலை அடைத்தால் போதாது. உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் லீவரை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழே உள்ள திருகாணியைத் தளர்த்தினால் எண்ணெயோடு குமிழி வெளியேறும். மூடுவதற்குள் லீவரை விட்டால், காற்று திரும்ப உள்ளே.

போன ஞாயிறு எங்கள் சைக்கிளுக்கு இந்த வைத்தியம். வீட்டுக்காரர் லீவரில், நான் தரையில். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் முகம் தெரியாததாலோ என்னவோ, எனக்கே தைரியம் வந்துவிட்டது. “ஏங்க, எனக்கு இங்கேயிருந்து போக இஷ்டமில்லை...” என்று ஆரம்பித்தேன். உள்ளே போன் அடித்தது. லீவரைப் பட்டென்று விட்டுவிட்டு ஓடினார். குழாயில் காற்று சரசரவென்று ஏறியது.

“ஹாங் அண்ணே... ஜெயாவா? அவளுக்கு ஃபுல் சம்மதம்!”

காற்று உள்ளே போக ஒரு ஆள் போதும், வெளியேற்றத்தான் இரண்டு பேர் வேண்டும்; இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்.

“ஏங்க! அந்தப் போனைக் கொஞ்சம் என்கிட்ட குடுங்க!”

உள்ளே சிரிப்புச் சத்தம்.

“ஏங்க, குடுங்களேன்!”