ஒரு ஷிப்டில் வராத பிள்ளை

ஆதிலட்சுமிக்கு வலி வரவில்லை. டாக்டர் சொன்ன தேதி போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காய் வாங்க குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் போதும், பிளாக்கே வந்து வயிற்றைப் பார்த்து "இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

"உள்ள நெழலா இருக்குதாம், வெளிய வெயிலு ஜாஸ்தின்னு யோசிச்சிகினு இருக்குது" என்பாள் அவள். வாய் அப்படி. உள்ளுக்குள் பயம்தான்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, பிள்ளையைச் சுற்றி இருக்கிற தண்ணீர் குறைகிறது, இனிமேல் காத்திருக்க வேண்டாம், மருந்து வைத்து வலியை வரவைக்கலாம் என்றார். மறுநாள் காலையில் வந்து சேரச் சொன்னார்.

மாமியார் கஸ்தூரியம்மாளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மறுநாள் பங்குனி கடைசி. அதற்கடுத்து சித்திரை பிறக்கிறது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று அவள் பிடித்த பிடியில் இருந்தாள்.

"ஏ ஷிப்டுல சேத்தா, பி ஷிப்டு முடியறதுக்குள்ள புள்ள கையில இருக்கும்" என்றாள்.

அவள் நிலக்கரிக் கம்பெனியின் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். குவார்ட்டர்ஸ் அவள் பேரில் இருந்தது, அதனால் வீட்டில் அவள் பேச்சுதான். நகரியத்தில் எல்லாவற்றுக்கும் ஷிப்ட் கணக்கு. உலை வைப்பதிலிருந்து பிணம் எடுப்பதுவரை ஷிப்ட் மாறும்போது சுரங்கத்துச் சங்கு ஊதுவதை வைத்துத்தான் நடக்கும். மருந்து வைப்பதும் ஸ்விட்ச் போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பம்ப் ஓட்டும் மகன் அன்புச்செல்வன், கூட வேலை செய்யும் சக்கரபாணியிடம் சொல்லி ஒரே ஒரு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தான்.

ஆதிலட்சுமிக்கு அம்மா இல்லை. இருந்திருந்தால் குறிஞ்சிப்பாடியில் பிறந்த வீட்டில் பிரசவம் நடந்திருக்கும். அதனால் மாமியார் ஃபிளாஸ்க்கும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, இவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நர்ஸ் சந்திரா கை வைத்துப் பார்த்தபோது ஆதிலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கூழ் மாதிரி ஒரு மருந்தை உள்ளே வைத்தார்கள். அது ஒன்றும் வலிக்கவில்லை.

"அவ்ளோதானா சிஸ்டர்?"

"அவ்ளோதான். கொஞ்ச நேரம் எந்திரிக்காத, அப்புறம் நடக்கலாம். கர்ப்பப்பை வாய் மொதல்ல இளகணும், அப்புறந்தான் தெறக்கும், அப்புறந்தான் வலி. சிலருக்கு இன்னைக்கே ஆகும். சிலருக்கு ரெண்டு நாளு."

"ரெண்டு நாளா? எங்க அத்தைகிட்ட இத சொல்லிடாதீங்க, நெஞ்சு வலிக்கு ஒரு பெட்டு போட வேண்டியிருக்கும்."

வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டினார்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து பிள்ளையின் இதயம் கேட்டது. சடக் சடக் சடக். குறிஞ்சிப்பாடியில் அவள் பிறந்த தெருவில் விடிகாலை தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடினால் இப்படித்தான் கேட்கும். கேட்டபடி கண் சொருகியது.

பாதித் தூக்கத்தில் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். படிப்படியாகக் கறுப்பு. கல்யாணமான புதிதில் அன்புச்செல்வன் சொன்னது அது: நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும், ராப்பகலாகப் பம்ப் ஓடினால்தான் தரை பொங்காமல் இருக்கும். கனவில் அவள் அந்தக் கறுப்புத் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். அடியில் யாரோ சின்னதாக நீந்திக்கொண்டு, குதிகாலால் இவள் முதுகைத் தட்டினார்கள். இரு, வருகிறேன், என்றாள். யார் வர வேண்டும், யார் இருக்க வேண்டும் என்று குழப்பமாக இருந்தது. குழப்பமும் சுகமாகத்தான் இருந்தது.

விழித்தால் மத்தியானம். மாதவிலக்குக்கு முதல் நாள் மாதிரி அடிவயிறு லேசாக இழுத்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை. கதவிடுக்கில் கஸ்தூரியம்மாளின் முகம்.

"வந்துச்சா?"

"எது, பஸ்ஸா?"

சாயங்காலம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, விரல் நுழைகிற அளவுதான் திறந்திருக்கிறது, இன்னொரு தடவை மருந்து வைக்க வேண்டும் என்றார். கஸ்தூரியம்மாள் உள்ளேயே வந்துவிட்டாள்.

"ஆபரேசன் பண்ணிடுங்கம்மா. இன்னைக்கே எடுத்துடுங்க. நாளைக்கி சித்திரை."

"துடிப்பு நல்லா இருக்குதும்மா. மாறுச்சுன்னா நான் ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேன், நீங்க கேக்கவே வேணாம். காலண்டரப் பாத்து வயித்தக் கிழிக்கச் சொன்னா எப்படி?" டாக்டரம்மா ஆதிலட்சுமியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரியம்மாள் மகன் கையைப் பிடித்தாள். "நீ சொல்லுடா. கையெழுத்து போடுறேன்னு சொல்லு. ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

அன்புச்செல்வனே சித்திரையில் பிறந்தவன். நடக்கப் பழகும் முன்னே மஞ்சள் காமாலையில் அப்பா போய்ச் சேர்ந்தார். கஸ்தூரியம்மாள் அதை ஒரு நாளும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் வருஷா வருஷம் சித்திரையில் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப்போய் அப்பா பேரில் அர்ச்சனை செய்வாள். போக வர பஸ்ஸில் பேச மாட்டாள். பிறந்த நாள் என்று ஒரு மிட்டாய் வாங்கித் தந்ததில்லை.

"அத்தே" என்றாள் ஆதிலட்சுமி. "அப்ப மாமா போனது இவராலதான்னு சொல்றீங்களா?"

பெட்டிக்குள் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் எப்படி அந்த மாதிரி..."

"இத்தினி வருசமா வேற என்னா சொல்லிகினு இருக்கீங்க? நாளைக்கி என் புள்ளையையும் பஸ்ஸுல வாயைக் கட்டிகினு கூட்டிப் போவீங்களா?" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒரு ஷிப்டு மாத்திகினு வந்துட்டீங்க பாரு. ஒங்க பம்பு சுச்சு போட்ட ஒடனே தண்ணிய எறக்கிடுதா?"

"எறங்காது" என்றான் அவன். "நாள் புடிக்கும்." அப்புறம் அம்மாவிடம், "எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அவ சொல்றபடியே இருக்கட்டும்" என்றான். கஸ்தூரியம்மாள் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ராத்திரி பி ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியபோது பங்குனியும் முடிந்திருந்தது. பிள்ளை வரவில்லை.

விடிந்ததும் பனிக்குடத்தை உடைத்துவிட்டார்கள். வெதுவெதுவென்று தண்ணீர் இறங்கியது. கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், சொட்டுச் சொட்டாகக் கூட்டினார்கள். தானாக வருகிற வலி மெதுவாக ஏறும், ஏற்றிவிட்ட வலி சீக்கிரம் உச்சிக்குப் போகும் என்று சந்திரா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சொன்னதைவிட மோசமாக இருந்தது. இடுப்பை இரண்டாக ஒடித்து ஒட்டவைத்து மறுபடி ஒடித்த மாதிரி.

"சிஸ்டர், நேத்து நான் பேசுனதெல்லாம் வாபஸ்."

"ஊசி போடுறேன், கொஞ்சம் கம்மியாகும். மூச்ச விடு. அடக்காத."

ஊசிக்குப் பிறகு வலிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. வலி அந்தப் பக்கம் நடந்தது. இந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகை மேகமாகி, மேகம் தறியில் ஏற்றும் பாவு நூலாகி, யாரோ அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். அம்மா அதில் பசை தடவிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அம்மாதான்.

திடீரென்று தறி தளர்ந்தது. சடக்... சடக்...

கண்ணைத் திறந்தாள். சந்திரா டிரிப்ஸை நிறுத்தி, அவளை இடப்பக்கம் புரட்டிப் போட்டாள். டாக்டரம்மா ஓடி வந்தார். தன் வீம்புக்குப் பிள்ளை விலை கொடுக்கிறதோ என்று ஆதிலட்சுமி பதறினாள். "வெட்டுங்க, எடுத்துடுங்க" என்று கத்தினாள்.

"இரு" என்றார் டாக்டரம்மா. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். சடக். சடக். சடக் சடக் சடக். தெரு முழுக்கத் தறி ஓடியது.

உச்சி வெயிலில் பெண் பிறந்தாள். கத்திக்கொண்டே வந்தாள். "வாயி யாருதுன்னு தெரியுது" என்றாள் சந்திரா.

வருஷப் பிறப்பு என்று வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கஸ்தூரியம்மாள் வந்தாள். ராத்திரியெல்லாம் அழுத கண். பிள்ளையைக் கையில் வாங்கவில்லை. வாளியைத் திறந்து, முதல் கரண்டியை மகனின் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"தின்னுடா. ஒனக்கும் இந்த மாசந்தான பொறந்த நாளு."

அவன் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றான். பச்சடி விரலிடுக்கில் வழிந்தது.

"சிந்தாம தின்னுங்க" என்றாள் கட்டிலிலிருந்து ஆதிலட்சுமி, பாதித் தூக்கத்தில். "அத்தே, எனக்கு இல்லியா? நாலு ஷிப்டு வேலை பாத்துட்டு வந்திருக்கேன்."

அப்போதுதான் கஸ்தூரியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிள்ளைக்காகக் கை நீட்டினாள்.