கேம் செய்துவிட்டு அனுமதி கேட்டேன்

பழைய சண்டைப் படம் ஒன்றை, நாயகன் பக்கவாட்டில் ஓடி அடிக்கும் அந்தக்கால வீடியோ கேமாக மாற்ற எனக்கு இரண்டு வருடம் ஆனது. முடித்த பிறகுதான் அனுமதி கேட்கத் தோன்றியது.

இன்று கணபதி பகுதியில், படத்தைத் தயாரித்தவரின் மகள் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். கேமை ஆடிப் பார்த்தார்.

"அட, அப்பிடியே எங்கப்பா படமாட்ட இருக்குதுங்க!"

"அப்ப வெளியிடலாங்களா அக்கா?"

"உரிமைய அப்பா எப்பவோ வித்துப்போட்டாருங்க தம்பி. யாருக்குன்னு அவருக்கே மறந்துபோச்சு. இப்ப அவரும் இல்லீங்க."

எழுந்தேன்.

"எனக்கு மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போ கண்ணு" என்று போனை நீட்டினார். ஏற்றிக் கொடுத்தேன்.

இரண்டு வருட உழைப்புக்கு ஒரே ஒரு ஆட்டக்காரர். அவருக்கும் முதல் குழியைத் தாண்டத் தெரியவில்லை.

உங்களில் யாராவது அந்தப் படத்தை வாங்கிப்போட்டு மறந்துவிட்டீர்களா?