முத்தியால்பேட்டை பிரவுனி

கடற்கரைப் பக்கத்து கஃபேக்களில் ஒரு மாதமாக நல்ல பிரவுனி தேடினேன். இன்று முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன பேக்கரியில் கிடைத்தது.

மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே கரையும் ஈரம். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டேன்.

"ருசி பாத்துப் பாத்து செய்வீங்களாக்கா?" என்று செய்தவரிடம் கேட்டேன்.

"எனக்கு ருசியே தெரியாதும்மா. காய்ச்சல் வந்ததுல போயிடுச்சு, வாசனையும் தெரியாது. அளவு கைக்குத் தெரியும். வெந்துடுச்சான்னு காதை வச்சுக் கேப்பேன். சத்தம் அடங்கறதுக்குள்ள எடுத்துடணும்."

அடுத்த தட்டு ஓவனில் இருந்தது. நானும் குனிந்து கேட்டேன். தூறல் மாதிரி மெல்லிய சத்தம்.

"இப்போ!" என்று கதவைத் திறந்தார். எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. தட்டில் இருந்ததோ அதே பிரவுனி.

நாக்கு, மூக்கு, காது எல்லாம் இருந்தும் நான் வீட்டில் செய்தால் செங்கல்தான் வருகிறது. உங்களுக்கு?