நல்ல தண்ணி

ஏரி உடைந்து, தொழிற்பேட்டைச் சாக்கடையையும் வாரிக்கொண்டு மத்திகிரியில் எங்கள் தெருவுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகுதான் என் பாடு தொடங்கியது. நான் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறவள். அது போதாதா? மாடி வீட்டுப் பெண் தினமும் காலையில் என் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கம்பெனிக்கு ஷிப்டு போகிறவள், கர்ப்பிணி.

"அக்கா, போர் தண்ணிய குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"டெஸ்ட் பண்ணாம எப்பிடிடி சொல்றது? அதுவரைக்கும் கேன் தண்ணி வாங்கு."

"சோறாக்க, குடிக்க எல்லாத்துக்கும் கேனா? கட்டுப்படியாகுமா? வயித்துல ஒண்ணு இருக்கே, அத நெனச்சாத்தான் ஈரக்கொல நடுங்குது."

எனக்கும் நடுங்கியது. ஈயம், குரோமியம் எல்லாம் பார்க்க எங்கள் கல்லூரியில் கருவி கிடையாது. தெருவிலுள்ள எல்லாப் போர்களையும் வெளியே கொடுத்துச் சோதிக்க, சென்னையில் ஓர் அறக்கட்டளையிடம் ஆய்வு நிதி கேட்டிருந்தேன். மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவர்கள் கேட்டதால், என் மாணவிகள் வீடு வீடாகப் போய் விசாரித்து, பதில்களை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினார்கள்.

அங்கிருந்த அதிகாரி போன் செய்தார். "மேடம், முக்கால்வாசிப் பேர் தண்ணி நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்றமடிக்கிற தண்ணீரை எவன் நன்றாக இருக்கிறது என்றான்? பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டேன். "நல்ல தண்ணின்னுதான் மேடம் சொன்னாங்க. தெலுங்குக்காரங்களும் அதையேதான் மஞ்சி நீள்ளுன்னாங்க" என்றாள்.

அடக் கடவுளே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், உப்புக் கரிக்கலேன்னா எங்க ஊர்ல அதுக்குப் பேரே நல்ல தண்ணி. அதுல சாக்கடை கலந்தாலும் பேரு மாறாது!"

மறுமுனையில் அவரும் சிரித்தார். "எங்க அம்மாவும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல படிச்சதும் புத்தி போயிடுச்சு."

நிதி வந்தது. முடிவும் வந்தது: ஈயமும் குரோமியமும் பயப்படும்படி இல்லை, சாக்கடைக் கிருமிதான் இருந்தது. போர்களுக்குக் குளோரின் போட்டு, மறுபடி சோதித்தோம். கிருமி போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துத் தெருக்களையும் பார்க்கலாம் என்று அறக்கட்டளையே சொன்னது.

நிறைமாத வயிற்றோடு அவள் படியிறங்கி வந்தாள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"நெசமாவே நல்ல தண்ணியா, இல்ல பேருக்கு நல்ல தண்ணியா?"

"நெசமாவேதான்."

"அப்ப நீங்க மொதல்ல குடிங்க."

வாங்கி மடக்மடக்கென்று பாதி குடித்தேன். மீதியை அவள் குடித்தாள்.