குமரேசனுக்குக் கண்ணீர் அஞ்சலி

போன திங்கட்கிழமை காலை, ரெட்டியார்பாளையம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கறுப்புக் கட்டம், நடுவே புகைப்படம்... நான் தினமும் இட்லி சாப்பிடும் கடையின் முதலாளி குமரேசன்!

முந்தின நாள்தான் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியவர்.

போஸ்டரின் அடியில் இருந்த பொடி எழுத்தை நான் படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்த்ததும் மாலை வாங்குவதுதான் இந்த ஊர் வழக்கம். வாங்கினேன்.

கடைக்குப் போனால், மாலையும் கையுமாக ஏழெட்டுப் பேர். நடுவே குமரேசன் தோசை திருப்பிக்கொண்டிருக்கிறார்!

"வாங்க சார்! போஸ்டர் வேலை செய்யுது, பாத்தீங்களா?"

பொடி எழுத்து இதுதான்: 'காலமானது எங்கள் பழைய மெனு. புதிய மெனுவுக்கு வாருங்கள்.' எதிரே பெரிய ஹோட்டல் வந்தபின் இவர் கடை காற்று வாங்கியது. மாதக் கடைசியில் மூடிவிடுவதாக இருந்தார். இது கடைசி முயற்சி.

கல்லாவில் இருந்த அவர் மனைவி கத்தினார்: "என் தாலிய வச்சியா விளம்பரம் பண்ற? இன்னைக்கு ஒனக்கு சோறு கெடையாது, போ!"

அதற்குள் நெல்லித்தோப்பிலிருந்து குமரேசனின் அண்ணன் அழுதபடி ஓடி வந்தார். வீட்டுச் சுவர்த் தகராறில் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். தம்பியை உயிரோடு பார்த்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"நாயே... எனக்கு நெஞ்சே நின்னுடுச்சிடா!"

பிறகு உட்கார்ந்து எட்டு இட்லி சாப்பிட்டார்.

நகராட்சியில் விளம்பர அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருப்பேனா? "மனு கொடுத்தீங்களா? சுவர் யாரோடதோ அவர் சம்மதக் கடிதம் வாங்கினீங்களா?" என்றேன். குமரேசன் சிரித்தார்.

சர்ச்சையான விளம்பரம் வியாபாரத்துக்கு உதவுமா? வியாழக்கிழமைக்குள் கடையில் உட்கார இடமில்லை. போஸ்டரோடு செல்ஃபி எடுத்தவர்கள் எல்லாம் சாப்பிடவும் வந்தார்கள். இது எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம். கடை மூடவில்லை... நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனால் என் மூலை மேசையில் நாலு கல்லூரிப் பிள்ளைகள். நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசுகிற ஒரே இடம் அது.

வீட்டுக்கு வந்து புகார் மனு எழுதினேன். மூன்று நகல்.

மறுநாள் கடையில் நின்றுகொண்டே சாப்பிட்டபோது குமரேசன் பக்கத்தில் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? உங்க வீட்டம்மா தவறினப்ப ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கலாமே. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை இங்கதான சாப்புடுவீங்க? மூணு மாசம் கழிச்சிதான் எனக்கே தெரியும். வந்திருப்பேனே சார்."

"அதுக்கு அனுமதி வாங்கணும்," என்றேன்.

மனுவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. என் மனைவியின் காரியம் மட்டும் ஒரு விதியும் மீறாமல் நடந்தது. மொத்தம் ஆறு பேர் — என்னையும் சேர்த்து.