பழைய ஜெட்டில் ஒரு வேலை

பைலட் லைசன்ஸ் கையில் இருந்தும் விமானம் கையில் கிடைக்காத வருஷங்கள் அவை. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில், எங்கோ வெளிநாட்டில் கார் இடித்துக்கொண்டவர்களின் இன்சூரன்ஸ் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் காரமடைக்காரி. விமானப் பயிற்சிப் பள்ளியிலும் நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள். அவளும் அதே கம்பெனியில் அதே வேலைதான் பார்த்தாள்.

சாயங்காலமானால் ஹாஸ்டல் மொட்டை மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்காருவோம். இடது நாற்காலி கேப்டனுடையது. அதற்கு முறை வைத்துக்கொண்டோம். என்ஜின் கிளப்புவதிலிருந்து தரையிறங்குவது வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவோம். துணி காயப்போட வரும் பெண்கள், "ஏ புள்ள, இன்னைக்கு எந்த ஊருக்குப் போறீங்கொ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல், "துபாய்க்குங்க. ஏறிக்கறீங்களா?" என்பாள்.

பெரிய கம்பெனிகள் எல்லாம் ஜெட் ஓட்டிய அனுபவம் கேட்டன. அந்த அனுபவத்தை எங்கே போய் வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் சரக்கு மட்டும் ஏற்றிப்போகும் ஒரு சின்னக் கம்பெனி துணை பைலட்டுகள் வேண்டுமென்று கேட்டது. அவர்களிடம் இருந்தவை எங்கோ வெளிநாட்டில் பல காலம் ஆட்களை ஏற்றி இறக்கி ஓய்ந்த ஜெட்டுகள். சீட்டுகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு அடைத்தார்கள். இரண்டு பேரும் விண்ணப்பித்தோம்.

சொந்த ஊரான கோபியில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "ஆளே ஏறாத ஏரோப்ளேனா? அப்பறம் யாருக்குக் கண்ணு ஓட்டுவே?" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். "அது இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கற கம்பெனிங்க மாமா. பழைய வண்டிய வச்சு ஓட்டறான். நாளைக்கே மூடிப்போட்டான்னா புள்ள கதி என்னாகறது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா வாழைத்தோப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்ப மட்டும் என்ன மாப்ள, புள்ள பறந்துட்டா இருக்குது?" என்றார்.

நேர்முகத் தேர்வு சென்னையில். தலைமை பைலட் எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்துப் பேசினார். "எங்க விமானம் எல்லாம் உங்களைவிட வயசுல மூத்தது. ஒண்ணு பறந்தா ஒண்ணு ரிப்பேர்ல நிக்கும். கொஞ்ச நாள் பறந்துட்டுப் பெரிய கம்பெனிக்கு ஓடிடுவீங்க, அதுவும் தெரியும். இருக்கற வரைக்கும் ஒழுங்கா பறங்க, போதும்." இவ்வளவு வெளிப்படையாக எங்களிடம் அதுவரை யாரும் பேசியதில்லை. வெளியே வந்ததும் அவள், "ஏ புள்ள, இவரு வேலை குடுக்கறாரா, வேண்டாங்கறாரா?" என்று கேட்டாள். கொடுத்தார். இரண்டு பேருக்கும்.

முதன்முதலாக அந்த விமானத்தில் ஏறிய நாளின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. சூடான ஒயர், பழைய ரெக்ஸின், யாரோ எப்போதோ கொட்டிய காபி. கம்ப்யூட்டர் திரைகள் இல்லை, கடிகாரம் மாதிரி வட்டவட்டமாக முள் ஆடும் மீட்டர்கள்தான். துணை பைலட் சீட்டின் கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்து அலுமினியம் பளபளத்தது. எத்தனையோ பேருடைய முழங்கை தேய்த்த இடத்தில் என் முழங்கையையும் வைத்தேன்.

துணை பைலட்டுகள் இரண்டு பேர் சேர்ந்து பறக்க முடியாது. கூட ஒரு கேப்டன் வேண்டும். அதனால் ஒரே கம்பெனியில் இருந்தும் நானும் அவளும் ஒரு தடவைகூட ஒன்றாகப் பறந்ததில்லை. அவள் இறங்க, நான் ஏறுவேன். அவள் குள்ளம் என்பதால் சீட்டு முன்னுக்குத் தள்ளியிருக்கும். சீட்டுப் பக்கத்துப் பையில் அவள் விட்டுப்போன முறுக்குப் பொட்டலம் இருக்கும். பாதி தின்றதாகத்தான் இருக்கும்.

திருப்பூர் பனியன், சத்தியமங்கலம் மல்லிகை, கூரியர் மூட்டை என்று எது வந்தாலும் ஏற்றினோம். ஒருநாள் கோயமுத்தூரில் கோழிக்குஞ்சு ஏற்றினார்கள். பொரிந்து ஒரு நாள்கூட ஆகாதவை, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில். விமானம் முழுக்க கீச்கீச்சென்று ஒரே சத்தம். எங்கள் கதவைச் சாத்தியும் கேட்டது.

சித்திரை மாத மத்தியானம். அந்த விமானத்தில் வால்பக்கத்துச் சின்ன என்ஜின் ரிப்பேர். அது ஓடினால்தான் தரையில் நிற்கும்போது ஏசி வரும், பெரிய என்ஜினைக் கிளப்பவும் காற்று வரும். ஓடாவிட்டால் வெளியிலிருந்து ஒரு வண்டி வந்து காற்று கொடுக்க வேண்டும். அந்த வண்டி கிளம்பவில்லை என்று தகவல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. என் கேப்டன் அதிகம் பேசாத மனிதர். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் கொறையுது பாரு. எறக்கிடலாம்," என்றார்.

லோடர்களின் மேஸ்திரியிடம் ஓடினேன். "அண்ணா, பொட்டிய எல்லாம் எறக்கி றெக்கைக்கு அடியில நெழல்ல வெக்கோணுமுங்க."

"ஏத்தி முடிச்ச லோடுங்களே அம்மணி!" என்றவர், ஒரு பெட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். சட்டென்று திரும்பினார். ஆட்களைப் பார்த்து, "டேய், வாங்கடா!" என்று சத்தம் போட்டார்.

கேப்டன் சட்டைத் தோளில் இருந்த கோடு போட்ட பட்டைகளைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். நானும் நின்றேன். பெட்டிகள் கைமாறிக் கைமாறி இறக்கையின் நிழலுக்குப் போயின. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கு நன்றாக அடித்தது. காற்றுப் பட்டதும் முதலில் ஒரு பெட்டி கீச்சென்றது, பிறகு அடுத்தது. மேஸ்திரி தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேசுதுங்க அம்மணி, பேசுதுங்க!" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. என்னுடையவையும்தான். சில பெட்டிகளில் சில குஞ்சுகள் செத்துப்போயிருந்தன. மற்றவற்றை, வண்டி வந்து சேர்ந்த பிறகு, மறுபடி ஏற்றிக்கொண்டு பறந்தோம்.

மாமா சொன்னது போலவே அந்தக் கம்பெனி நிற்கவில்லை. ஒவ்வொரு விமானமாகத் தரையில் நின்றது. உதிரிபாகம் வரும் வரும் என்று வரவே இல்லை. ஒருநாள் காலையில் எல்லோருக்கும் போனில் ஒரே செய்தி வந்தது, இனி வர வேண்டாமென்று. அங்கே பறந்த மணிக்கணக்கை வைத்துத்தான் பின்னால் எனக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் வெளிநாட்டில் சரக்கு விமானமே ஓட்டப் போனாள். இப்போது நான் ஓட்டும் விமானத்தில் எல்லாம் புதுசு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஏறி உட்காரும்போது சில நாள் அந்தப் பழைய ரெக்ஸின் வாசனையை மூக்கு தேடும்.

கம்பெனி மூடின செய்தி வந்த அன்று நாங்கள் இருவரும் கோயமுத்தூரில்தான் இருந்தோம். வேலைக்கென்று போட்ட யூனிபாரத்தோடு அவினாசி ரோட்டில் டவுன் பஸ் ஏறினோம். டிக்கெட் கிழித்த கண்டக்டர் தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, நீங்க ஏரோப்ளேன் ஓட்டறவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றாள் அவள்.

"எந்தக் கம்பெனிங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் கம்பெனியின் பேரை முழுசாகச் சொன்னாள். காலையில் மூடிப்போன கம்பெனி. அவர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார்.

"பெரிய கம்பெனிங்களா?"

"எங்களுக்குப் பெருசுங்க," என்றாள்.